லிபர்டேரியன்: சொல் விளக்கம்

மரே சாப்ரின் நிதியியல் பேராசிரியர். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள ராமபோ கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தியவர். 1997இல் அந்த மாநில ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றார். 2000, 2008, 2014 ஆகிய ஆண்டுகளில் செனட் பதவிக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளராக முயன்று உட்கட்சித் தேர்தலைக்கூடத் தாண்டவில்லை. 2018இல் மீண்டும் செனட்டுக்கு நின்றார், அதிலும் தோல்விதான். வரியும் அரசாங்கமும் சுருங்கச் சுருங்க நல்லது என்பவர் அரசுப் பதவிக்கே இத்தனை முறை மனுப் போட்டிருக்கிறார். அவரை லிபர்டேரியன் என்கிறார்கள். தமிழில் சிலர் தாராளவாதி என்றும், சிலர் சுதந்திரவாதி என்றும், இன்னும் சிலர் விடுதலைவாதி என்றும் எழுதுகிறார்கள். மூன்றும் பொருந்தவில்லை என்பது என் வாதம்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'லிபெர்' என்றால் அடிமையல்லாதவன். அதிலிருந்து லிபர்டி வந்தது. லிபர்டேரியன் என்ற வடிவம் ஆங்கிலத்தில் 1789இல் வில்லியம் பெல்ஷம் என்பவரின் கட்டுரையில் காணப்படுகிறது. அங்கே அதற்கு அரசியல் வாடையே கிடையாது. மனிதன் செய்வதெல்லாம் முன்பே விதிக்கப்பட்டதா, அவனே தேர்ந்து செய்கிறானா என்ற பழைய வழக்கில் இரண்டாம் தரப்பில் நிற்பவர் என்பதுதான் பொருள். நம் விதியா மதியா பட்டிமன்றத்தில் மதியின் பக்கம் பேசுபவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அரசியல் பொருள் ஏறியது பிரெஞ்சில். ஏற்றியவர் சாப்ரின் போன்றவர்களுக்கு நேர் எதிர்த் துருவத்தில் இருந்தவர் என்பதுதான் வேடிக்கை. ஜோசப் டெஜாக் சுவர்த்தாள் ஒட்டும் தொழிலாளி. அரசும் வேண்டாம், தனிச்சொத்தும் வேண்டாம் என்றவர். நாடு கடந்து அமெரிக்காவில் வாழ்ந்தபோது, 1857இல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து பிரெஞ்சுச் சிந்தனையாளர் புருதோனுக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதினார். பெண்களைப் பற்றிப் புருதோன் கொண்டிருந்த பிற்போக்கான கருத்தைச் சாடிய அந்தக் கடிதத்தில்தான் 'லிபர்டேர்' என்ற சொல்லைப் படைத்தார். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் அதே பெயரில் ஒரு பத்திரிகையும் தொடங்கினார். பிறகு 1890களில் பிரான்ஸ் அரசு, அரசே கூடாது என்ற அரசிலாவாதிகளின் (அனார்க்கிஸ்டுகளின்) பிரசாரத்தைச் சட்டம் போட்டு ஒடுக்கியபோது, அவர்கள் தங்கள் பழைய பெயருக்குப் பதில் இதை எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சில் இன்றும் லிபர்டேர் என்றால் இடதுசாரி அரசிலாவாதிதான். அமெரிக்க வகையினரைக் குறிக்க அவர்கள் 'லிபர்டேரியன்' என்று தனியாக ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள்.

இடதுசாரிகளின் சொல் சந்தைப் பொருளாதாரக்காரர்களிடம் போனதற்குக் காரணம், அவர்களுடைய சொந்தப் பெயர் பறிபோனதுதான். 19ஆம் நூற்றாண்டில் லிபரல் என்றால் தடையற்ற வணிகம், குறைந்த வரி, அடக்கமான அரசு. 1930களில் ரூஸ்வெல்ட் காலத்தில் அமெரிக்காவில் அந்தச் சொல் அரசு நலத்திட்டங்களின் பக்கம் சாய்ந்துவிட்டது. பழைய லிபரல்கள் பெயரின்றி நின்றார்கள். 1955இல் டீன் ரஸ்ஸல் என்பவர், லிபர்டேரியன் என்ற சொல்லை நமக்கென்று எடுத்துக்கொள்வோம் என்று எழுதினார். பொருளாதார அறிஞர் ஹாயெக்குக்கு இது சற்றும் பிடிக்கவில்லை. கவர்ச்சியில்லாத, செயற்கையாகத் தயாரித்த சொல் என்று 1960இல் முகம் சுளித்தார். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்க அதிபர் நிக்சன் 1971 ஆகஸ்டில் விலைக்கும் கூலிக்கும் கட்டுப்பாடு விதித்து, டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பையும் அறுத்ததில் கொதித்தவர்கள் அந்த ஆண்டு டிசம்பரில் கொலராடோவில் லிபர்டேரியன் கட்சியை உருவாக்கினார்கள்.

இனி தமிழுக்கு வருவோம். தாராளவாதி என்பதை எளிதில் தள்ளிவிடலாம். தாராளம் என்றால் கை நீட்டிக் கொடுப்பது. அரசு யாருக்கும் தாராளமாகக் கொடுக்கக் கூடாது என்பவருக்கு அந்தப் பெயரா? இன்றைய அமெரிக்க லிபரலுக்கு அது பொருந்தும்; அவருக்கே இருக்கட்டும். விடுதலை என்பது ஏற்கெனவே இருக்கும் ஒரு கட்டிலிருந்து விடுபடுவது. சாதியிலிருந்து, அந்நிய ஆட்சியிலிருந்து, சிறையிலிருந்து என்று அதற்கு முன்னால் ஒரு 'இருந்து' தேவைப்படுகிறது. 1935இல் தொடங்கிய 'விடுதலை' ஏடும், ஈழப் போராட்டமும் அந்தச் சொல்லுக்கு ஏற்றிய பொருளை ஒரு நியூஜெர்சிப் பேராசிரியருக்காக இறக்கிவைக்க முடியாது.

சுதந்திரவாதி என்பதில்தான் சிக்கல் அதிகம். அந்த இடத்தில் நம்மிடம் ஏற்கெனவே ஒரு கட்சி இருந்திருக்கிறது. காங்கிரஸின் கூட்டுப்பண்ணைத் திட்டத்தை எதிர்த்து ராஜாஜி 1959இல் சென்னையில் சுதந்திராக் கட்சியை அறிவித்தார். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அவர் சாடியது இன்றைய லிபர்டேரியன்களின் காதுக்கும் இனிக்கும். 1967இல் மக்களவையில் 44 இடங்களைப் பிடித்த கட்சி அது. ஆனால் ராஜாஜி லிபர்டேரியன் அல்ல. 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் அவர். 1971இல் அதைத் தளர்த்த தி.மு.க. அரசு முனைந்தபோது, தொண்ணூறைக் கடந்த வயதிலும் முதலமைச்சர் கருணாநிதியைச் சந்தித்து வேண்டாம் என்று மன்றாடினார். வயது வந்தவர் எதைக் குடித்தால் அரசுக்கென்ன என்று கேட்பவர்தான் லிபர்டேரியன். கடையை அரசு கட்டுப்படுத்தக் கூடாது என்பதில் இருவரும் சேர்வார்கள். கள்ளுக்கடை வந்ததும் பிரிந்துவிடுவார்கள்.

அப்படியானால் அந்தக் கொள்கையின் மையம் எது? என் உடலும் என் உழைப்பும் அதன் பலனும் என்னுடையவை. பிறருக்குத் தீங்கு செய்யாதவரை அவற்றில் கைவைக்க யாருக்கும், அரசுக்கும், உரிமையில்லை என்பதுதான். போதைப்பொருளை அரசு தடைசெய்யக் கூடாது என்ற நிலைப்பாடும் வரி எதிர்ப்பும் ஒரே இடத்தில் பிறப்பது அதனால்தான். தமிழில் இதற்கென்றே அமைந்ததுபோல ஒரு சொல் இருக்கிறது: உரிமை. அது வெறும் சட்ட உரிமை மட்டுமன்று. வீட்டு உரிமையாளர் என்கிறோம், வாரிசுரிமை என்கிறோம், இலங்கையில் காணி உரித்து என்கிறார்கள். உடைமையும் அதிகாரமும் ஒரே வேரில் நிற்கின்றன. தனக்குத் தானே உரிமையாளன் என்று கருதுபவன் தன்னுரிமைவாதி, கொள்கை தன்னுரிமைவாதம். சில இடங்களில் சுயநிர்ணயம் என்ற பொருளிலும் தன்னுரிமை புழங்குவதால், குழப்பம் வரும் இடத்தில் 'தனிமனிதத் தன்னுரிமைவாதி' என்று எழுதலாம். நீளம்தான், ஆனால் தெளிவு.

சாப்ரினிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1997இல் அவர் லிபர்டேரியன் கட்சி வேட்பாளர். குறிப்பிட்ட அளவு நன்கொடை திரட்டினால் அரசு தன் பங்குக்கு இணை நிதி தரும் என்பது நியூஜெர்சியின் தேர்தல் விதி. அந்த நிதியைப் பெற்று, விட்மன், மெக்ரீவி என்ற இரு பெருங்கட்சி வேட்பாளர்களோடு தொலைக்காட்சி விவாதத்திலும் அமர்ந்தார். அந்த மாநிலத்தில் இப்படி நுழைந்த முதல் மூன்றாம் கட்சிக்காரர் அவர். வரிப்பணத்தை எதிர்ப்பவர் வரிப்பணத்தில் மேடையேறியதைப் பற்றி அவர் முகாமிலேயே முணுமுணுப்பு எழுந்தால் வியப்பில்லை. பெற்ற வாக்கு 4.7 சதவீதம். விட்மன் வென்ற வித்தியாசமோ ஒரு சதவீதத்தை ஒட்டியது.

2000 முதல் 2014 வரை அவர் குடியரசுக் கட்சியில் முயன்றபோது கொள்கை மாறவில்லை, கட்சிதான் மாறியது. ஆங்கிலம் கட்சியைப் பெரிய எழுத்தில் தொடங்கியும் (Libertarian), கொள்கையைச் சிறிய எழுத்தில் தொடங்கியும் (libertarian) பிரித்துக் காட்டிவிடும். தமிழில் அந்த வசதி இல்லை. ஆகவே கட்சிப் பெயரை ஒலிபெயர்த்தும் கொள்கையை மொழிபெயர்த்தும் எழுதுவதே வழி. 1997இலும் 2018இலும் சாப்ரின் லிபர்டேரியன் கட்சி வேட்பாளர். இடைப்பட்ட மூன்று முறையும் குடியரசுக் கட்சிக்குள் போட்டியிட்ட தன்னுரிமைவாதி.

டெஜாக்கின் எழுத்தைத் தமிழாக்குபவர்கள் மட்டும் இந்தச் சொல்லைத் தொடக் கூடாது. உடைமையையே மறுத்தவரை உரிமையாளர் வரிசையில் உட்கார வைக்க முடியாது. அவருக்கு அரசிலாவாதி என்ற பெயரே சரி.