கிரெனடின்: மாதுளம் பாகு

கோடை விடுமுறைக்கு ஓசூரிலிருந்து வந்திருந்த அண்ணன் மகள், அடியில் சிவப்பும் மேலே மஞ்சளுமாகத் தெரியும் ஆரஞ்சு பானம் ஒன்றைச் செய்யலாம் அத்தை என்றாள். விடியற்கால வானம் மாதிரி இருப்பதால் 'சன்ரைஸ்' என்று பெயர் பெற்ற காக்டெயில் அது. அசலில் டெக்கீலா என்ற மதுவைச் சேர்ப்பார்கள். எங்களுக்கு ஆரஞ்சுச் சாறே போதும். செய்முறையில் 'கிரெனடின்' என்ற ஒரு சொல் மட்டும் இடறியது. தர்மபுரி கடைவீதியில் நாலு கடை ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை.

சொல்லைப் பிரித்துப் பார்த்தபோதுதான் வழி பிறந்தது. பிரெஞ்சில் 'கிரெனாட்' என்றால் மாதுளம்பழம். அதன் சாற்றில் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சுவது கிரெனடின். இன்னும் பின்னால் போனால் லத்தீன். அதில் 'கிரானும்' என்பது தானிய மணி, விதை. மணி மணியாக நிறைந்த பழம் என்பதால் மாதுளைக்கு அந்தப் பெயர். நாம் மாதுளை முத்து என்கிறோமே, அதே கண்தான் அவர்களுக்கும். கையெறி குண்டுக்கு 'கிரெனேடு' என்று பெயர் வந்ததும் இந்தப் பழத்திலிருந்துதான்.

சரி, மாதுளைதானே என்று சாறு பிழிந்து ஊற்றினேன். ஊற்றியதும் ஆரஞ்சோடு கலந்து, கண்ணாடி தம்ளர் முழுக்க ஒரே செம்மண் நிறம். குழந்தையின் முகம் வாடிவிட்டது.

தப்பு என் மொழிபெயர்ப்பில் இருந்தது. ஆரஞ்சுச் சாறு லிட்டருக்கு ஏறக்குறைய 1.04 கிலோ எடை. மாதுளைச் சாறும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரண்டும் அடுக்காக நிற்காது. சம அளவு சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் லிட்டருக்கு 1.2 கிலோவைத் தாண்டும், அப்போதுதான் அடியில் போய்ப் படியும். ஆகவே கிரெனடினுக்கு 'மாதுளைச் சாறு' சரியான தமிழ் இல்லை.

'மாதுளை சிரப்', 'மாதுளை சர்பத்' என்று சொன்னால் என்ன? சிரப், சர்பத் இரண்டும் 'குடித்தல்' என்ற பொருளுள்ள ஒரே அரபு வேரில் பிறந்தவை. ஆனால் நம்மூரில் சிரப் என்றால் இருமல் மருந்து. சர்பத் என்றால் நன்னாரியும் எலுமிச்சையும் கலந்து கைக்கு வரும் தம்ளர். அடியில் தங்கும் கனத்தை இரண்டுமே சொல்லவில்லை. பாகு சொல்கிறது. காய்ச்சி, சுண்டி, கெட்டியான நிலைக்கே அந்தப் பெயர். வெல்லம் காய்ச்சும் கொட்டகையைப் பார்த்து வளர்ந்த எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாகு என்றாலே அந்தக் கனம் கண்ணில் வந்துவிடும். எனவே என் முடிவு: கிரெனடின் என்பது மாதுளம் பாகு. 'மாதுளைப் பாகு' என்றாலும் தவறில்லை; ஆனால் மாதுளம்பழம், மாதுளம்பூ என்று பழகிய வாய்க்கு 'மாதுளம்' இன்னும் இயல்பாக வருகிறது.

காய்ச்சும்போது பதம் முக்கியம். ஒரு கப் சாறு, ஒரு கப் சர்க்கரை, சிறு தீ. விரலில் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும்; கம்பிப் பதத்துக்கு விடக் கூடாது, விட்டால் ஐஸ் பட்டதும் அடியில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். இறக்கி, எலுமிச்சை நாலு சொட்டு பிழிந்து, நன்றாக ஆறவிடுங்கள். அப்புறம் தம்ளரில் ஐஸும் ஆரஞ்சுச் சாறும் நிரப்பி, தம்ளரைச் சற்றுச் சாய்த்து, உள்சுவரை ஒட்டி இரண்டு ஸ்பூன் பாகை மெதுவாக வழியவிட வேண்டும். கலக்கவே கூடாது. அடியில் சிவப்பு, நடுவில் செம்மஞ்சள், மேலே மஞ்சள். இந்த முறை அவள் கை தட்டினாள்.

பெரிய நகரக் கடைகளில் கிரெனடின் பாட்டில் கிடைக்கும். வாங்கும் முன் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் மாதுளையே இருக்காது. சர்க்கரை, நிறம், மணமூட்டி மட்டும்தான். அதுவும் அடியில் அழகாகத்தான் படியும். ஆனால் அதை மாதுளம் பாகு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது சிவப்புச் சர்க்கரைப் பாகு.