சேர்டிபிக்கட்: சான்றிதழா, அத்தாட்சிப் பத்திரமா?

மலையகத்துப் பேச்சில் சேர்டிபிக்கட் என்பது ஒரே சொல். பிள்ளை பிறந்தாலும் சேர்டிபிக்கட், ஓ.எல். பாஸானாலும் சேர்டிபிக்கட், வேலைக்கு மனுப் போடுகிறவர் கிராம சேவகரான ஜீ.எஸ்.ஸிடம் வாங்குவதும் சேர்டிபிக்கட். எழுத்துக்கு வந்தால்தான் அது பல பெயர் எடுக்கிறது. பரீட்சைக்குத் தராதரப் பத்திரம். பாடசாலையை விட்டு விலகும்போது விடுகைப் பத்திரம். பிறப்புக்குச் சிலர் அத்தாட்சிப் பத்திரம் என்பார்கள், சிலர் சான்றிதழ் என்பார்கள். நன்னடத்தைக்கு நற்சான்றிதழ்.

இதையெல்லாம் தோண்டிப் பார்க்க வேண்டி வந்தது ஒரு கணினி வேலைக்காக. ஹட்டனில் நாங்கள் சிலர் சேர்ந்து பழைய தோட்டப் பதிவேடுகளையும் செக்ரோல் என்ற வரவுப் பதிவுத் தாள்களையும் ஸ்கேன் பண்ணி, எலாஸ்டிக்சேர்ச் என்ற தேடற் சேவையகத்தில் ஏற்றி வருகிறோம். அது டொக்கர் கொன்டெய்னருக்குள், அதாவது மென்பொருளைத் தனியாக அடைத்து ஓட்டும் ஒரு பெட்டிக்குள் ஓடுகிறது. ராமாயி, இராமாயி, ராமாய் என்று ஒரே ஆள் மூன்று தாளில் மூன்று விதமாகக் கிடப்பார்; அப்படிப்பட்ட பெயர்களை ஒன்றாகப் பிடித்துத் தருவதில் இந்த மென்பொருள் கெட்டி. ஆனால் அங்கே இருப்பவை ஆட்களின் பெயர், வயது, தகப்பன் பெயர், தோட்டம், கடன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மட்டுமல்ல, அதற்கு முன்னும் கதவைத் திறந்து போட்டு வைக்கக்கூடிய சமாச்சாரம் இல்லை. சேவையகத்தைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்குக் குறிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது, முதல் வரியிலேயே, சேவையகம் தன்னை யார் என்று காட்ட நீட்டும் சேர்டிபிக்கட் என்ற இந்தச் சொல் வந்து நின்றது.

மூலச்சொல் இலத்தீன். செர்த்துஸ் என்றால் உறுதியானது, ஃபாசெரே என்றால் செய்தல். இரண்டும் சேர்ந்து ‘உறுதியாக்கப்பட்டது’ என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்முடைய தோட்டத்து ஒபிஸ் மேசைக்கு வந்தது. தமிழில் நாம் வைத்த பெயர் வேறு இடத்திலிருந்து புறப்படுகிறது. சான்று என்பது சால் என்ற வேரில் பிறந்தது; நிறைதல், தகுதியாதல் என்பது அதன் கருத்து. சான்றோர் என்பவரும் அந்தக் குடும்பமே. பொய் சொல்லாத தகுதி உள்ளவர் சொல்வதே சான்று. வடமொழிச் சாட்சிக்குக் கண்ணால் கண்டவர் என்று பொருள். தமிழ்ச் சான்றுக்குக் கண்ணைவிட ஆள் முக்கியம். இதழ் பூவுக்கு மட்டும் உரியதல்ல. தொல்காப்பிய மரபியல், பனை தென்னை போன்ற புல்லினத்தின் உறுப்புகளை அடுக்கும்போது ஓலை, ஏடு ஆகியவற்றோடு இதழையும் சேர்க்கிறது. பத்திரமும் வடமொழியில் இலைதான். ஆக, சான்றிதழ் என்றால் தகுதியுள்ள ஒருவரின் வாக்கு எழுதிய ஓலை.

மலையகத்தில் இதே இடத்துக்கு வந்திருக்கக்கூடிய இன்னொரு சொல் உண்டு: துண்டு. ஒரு தொழிலாளி இவ்வளவு கடனைக் கட்டினால் அவரை விடுவிக்கிறேன் என்று தோட்டத்தை நடத்திய துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிமார் அதை வைத்துக்கொண்டு ஆட்களைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றினார்கள். மாறும்போதெல்லாம் கடனும் ஏறியது. 1921இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். எழுத்தில் அது அத்தாட்சிதான், ஆனால் யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவருக்கு அதில் ஒரு குரலும் இருக்கவில்லை. அந்தச் சொல் கடனோடு ஒட்டிப் போய்விட்டது. யாரும் அதைத் திரும்ப எடுக்கவில்லை, எடுக்கவும் வேண்டாம்.

கணினியில் சேர்டிபிக்கட் என்பதன் வடிவத்தை வரையறுத்தது எக்ஸ்.509 என்ற தரம். முதற் பதிப்பு 1988இல் வந்தது. உள்ளே இருப்பது அதிகமில்லை: யாருடையது என்ற பெயர், அவருடைய பகிரங்கச் சாவி (மறைப்புக்குப் பயன்படும், யாருக்கும் காட்டக்கூடிய சாவி), எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லுபடி, யார் ஒப்பமிட்டார், அந்த ஒப்பம். (சாவி என்று நான் எழுதுவது மலையகத்து வழக்கு. யாழ்ப்பாணத்து நண்பர் திறப்பு என்று திருத்தி அனுப்புவார். இரண்டும் பூட்டைத் திறக்கும்.)

ஒப்பம்தான் இதன் உயிர். ஜீ.எஸ். எழுதிக் கொடுக்கும் வதிவிடச் சான்றிதழில் பிரதேச செயலாளர் மேலொப்பம் வைக்கிறாரே, அதே ஏற்பாடுதான். கண்டியில் இருக்கும் கம்பனிக்காரருக்கு டிக்கோயாவில் இருக்கும் நம்மையும் தெரியாது, ஜீ.எஸ்.ஸையும் தெரியாது. பிரதேச செயலகத்தின் முத்திரையைத் தெரியும்; அது போதும். கணினியில் அந்த மேலொப்பக்காரருக்குச் சான்று வழங்குநர் என்று பெயர் வைக்கலாம். உலாவியை நிறுவும்போதே சில வழங்குநர்களின் பெயர்ப்பட்டியல் கூட வந்துவிடும். எலாஸ்டிக்சேர்ச்சோ தன் வழங்குநரைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. 2022 பெப்ரவரியில் வெளியான 8.0 பதிப்பிலிருந்து முதல் தடவை ஓடும்போதே அது பாதுகாப்பை இயக்கி, வழங்குநரையும் சான்றிதழையும் செய்து, எலாஸ்டிக் என்ற தலைமைப் பயனருக்கு ஒரு கடவுச்சொல்லையும் கொடுத்துவிடும். அதற்கு முந்திய பதிப்புகள் நாமாகப் போட்டாலொழியப் பூட்டில்லாமல் ஓடின. 2017 ஜனவரியில் இணையத்தில் திறந்து கிடந்த ஏராளமான எலாஸ்டிக்சேர்ச் சேவையகங்களின் தரவை அழித்துவிட்டு, காசு கேட்டுக் குறிப்பு வைத்துப் போனார்கள்.

வீட்டிலேயே செய்த வழங்குநரை வெளியில் யாருக்கும் தெரியாது. ஆகவே கொன்டெய்னருக்குள் உருவான வழங்குநரின் சான்றிதழைப் பிரதி எடுத்து, தேட வருகிற ஒவ்வொரு நிரலுக்கும் ‘இவருடைய ஒப்பத்தை நம்பு’ என்று கையில் கொடுக்க வேண்டும். பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். சேவையகத்தோடு பேசப் பயன்படும் கர்ல் என்ற கட்டளையோடு மைனஸ் கே என்று சேர்த்தால் பிழைச் செய்தி மறைந்துவிடும். வேலை முடிந்தது என்று எழும்பிவிடுவார்கள். உண்மையில் நடந்தது என்ன? கம்பியில் போகிற பேச்சு இன்னமும் மறைவாகத்தான் போகிறது. யாரோடு பேசுகிறோம் என்று மட்டும் பார்ப்பதில்லை. நடுவில் ஒருவன் புகுந்து தன் சான்றிதழை நீட்டினால் அவனோடும் மறைவாகப் பேசிக்கொண்டிருப்போம். மறைப்பு வேறு, சான்று வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பெயரும் அப்படித்தான். பல கொன்டெய்னர்களை டொக்கரின் கம்போஸ் என்ற அமைப்புக் கோப்பில் ஒன்றாகக் கட்டும்போது, முதலில் ஒரு சிறிய கொன்டெய்னர் எழும்பி செர்ட்யூட்டில் என்ற கருவியால் ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் செய்து வைக்கும். ஈ.எஸ்.01 என்ற பெயருக்கும் லோக்கல்ஹோஸ்ட்டுக்கும் (அதே இயந்திரத்தின் பெயர்) மட்டும் எழுதிய சான்றிதழை வைத்துக்கொண்டு வேறு பெயரால் கூப்பிட்டால், ஒப்பம் சரியாக இருந்தும் மறுக்கப்படும். அடையாள அட்டையில் ஓர் எழுத்து மாறியதற்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். கணினி இதில் நம் கந்தோர்களைவிடக் கண்டிப்பு.

மறைப்புக்கு, அதாவது என்கிரிப்ஷனுக்கு வருவோம். தமிழ்நாட்டில் குறியாக்கம் என்ற சொல்லை இதற்கும் சிலர் எழுதுகிறார்கள். இலங்கையில் புழங்கும் மறைகுறியாக்கம் நீளமானாலும் மேல். காரணம், கடவுச்சொல் அனுப்பும் எளிய முறையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பேஸ்64 என்ற வடிவுக்கு மாறிப் போகும். அது வெறும் குறியாக்கம். எவரும் நொடியில் பழையபடி வாசிக்கலாம். மறைகுறியாக்கம் என்பது கீழே டி.எல்.எஸ். என்ற பாதுகாப்பு நெறிமுறை செய்வது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், ‘குறியாக்கம் செய்துதானே அனுப்புகிறோம்’ என்று யாராவது டி.எல்.எஸ்.ஸை நிறுத்திவிடுவார்.

அத்தாட்சிப்படுத்தல் என்ற சொல்லை நான் ஒதுக்குவதும் இதனால்தான். சேவையகம் தன்னை யார் என்று காட்டுவதற்கும், பயனர் தன்னை யார் என்று காட்டுவதற்கும் அதையே எழுதினால் குறிப்பை வாசிக்கிறவர் திசை மாறுவார். முதலாவதற்குச் சான்றிதழ் சரிபார்ப்பு, இரண்டாவதற்கு அடையாள உறுதிப்பாடு. அதற்குப் பிறகு இவர் எதைப் பார்க்கலாம், எதை அழிக்கலாம் என்பது அனுமதி. எங்கள் சேவையகத்தில் தேடற்பக்கம் வாசிப்பு அனுமதி மட்டும் உள்ள ஒரு பயனராக நுழைகிறது. தலைமைப் பயனரின் கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதி வைப்பது, பெரிய துரையின் பேனாவை வாசலில் தொங்கவிடுவது மாதிரி. அதைச் சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பில்) கூட வைக்காமல், தனிக் கோப்பில் போட்டு அந்தக் கோப்பின் இடத்தைச் சொல்லும் வசதி கொன்டெய்னரிலேயே இருக்கிறது.

கொன்டெய்னருக்குக் கொள்கலன் சரியான சொல். கொழும்புத் துறைமுகச் செய்திகளில் தினமும் வாசிக்கிறோம், அதில் சண்டை இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: டொக்கரில் 9200 என்ற எலாஸ்டிக்சேர்ச்சின் வாசலை இலக்கத்தை மட்டும் போட்டுத் திறந்தால், சேவையகத்தின் எல்லா முகவரியிலும் திறந்துவிடும், யூ.எஃப்.டபிள்யூ என்ற தீச்சுவர் போட்ட தடையையும் தாண்டிப் போகும். 127.0.0.1 என்று முன்னால் எழுதினால் அந்த இயந்திரத்துக்குள் மட்டும் நிற்கும்.

செல்லுபடிக் காலத்தையும் சொல்ல வேண்டும். தானாக உருவாகும் சான்றிதழ்களில் வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் காட்டுவது 2 வருடம், அதன் வழங்குநர் 3 வருடம். சேவையகங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்துவது 99 வருடம். முதலாவது முடிகிற அன்று தேடல் சத்தமில்லாமல் நிற்கும். பிள்ளைகள் கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்பார்கள், கொன்டெய்னரை நிறுத்தி நிறுத்தி எழுப்புவார்கள்.

ஆகவே தமிழ் இடைமுகத்தில் ‘சேர்டிபிக்கட் எரர்’ என்று ஒரே வரியைப் போடுவதில்லை என்று முடிவு செய்தோம். நாள் கடந்திருந்தால் ‘சேவையகத்தின் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது’. பெயர் வேறானால் ‘இந்தப் பெயருக்குச் சான்றிதழ் இல்லை’. வழங்குநரைத் தெரியாவிட்டால் ‘ஒப்பமிட்டவரை அடையாளம் தெரியவில்லை’. சேவையகத்திடமிருந்து 401 என்ற மறுப்பு இலக்கம் வந்தால் ‘பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை’. 403 வந்தால் ‘உங்களை யாரென்று தெரியும், இதைப் பார்க்க அனுமதி இல்லை’.