தோளில் ஒரு பீரங்கி, முதுகுக்குப் பின்னால் ஒரு கணக்கு

அறிவியல் புனைகதை வீரன் தோளில் ஒரு குழாயைத் தூக்கி வைப்பான், கவச வண்டியைத் துளைப்பான், நின்ற இடத்திலேயே நிற்பான். நிலவில் நடக்கும் கதை ஒன்றுக்காக அப்படியோர் ஆயுதத்தை வரைய நானும் உட்கார்ந்தேன். குழாயின் முன்பக்கம் கால் மணி நேரத்தில் முடிந்தது. பின்பக்கம் இரண்டு வாரம் இழுத்தது.

என் ஆயுதம் மின்காந்த விசையால் 100 கிராம் டங்ஸ்டன் துண்டை விநாடிக்கு 3000 மீட்டர் வேகத்தில் எறிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறையைக் கிலோவில் எடுத்து வேகத்தால் பெருக்கினால் உந்தம் கிடைக்கும், இங்கே 300. 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கிக் குண்டுக்கு அது ஏறக்குறைய 8தான். முன்னே போகும் உந்தத்துக்குச் சமமாகப் பின்னேயும் ஏதாவது போயாக வேண்டும். வேறெதுவும் போகாவிட்டால் ஆயுதமே போகும்: 10 கிலோ எடையுள்ள குழாய் மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் தோளில் வந்து மோதும். எழுத்தாளர்கள் பலரும் வசதியாக மறந்துவிடும் இடம் இது.

நிஜ ஆயுதங்கள் இதற்குக் கண்ட விடை எளிமையானது: பின்பக்கத்தைத் திறந்து விடுவது. இரண்டாம் உலகப் போரில் வந்த பஸூக்கா, தோளில் வைத்து ராக்கெட் சுடும், இரு முனையும் திறந்த குழாய். உள்ளிருந்த ராக்கெட்டின் புகை பின்னால் போய்விடும். சுவீடனில் உருவாகி, திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் தயாரான கார்ல் குஸ்தாஃப் என்ற தோள் பீரங்கி வெடிவாயுவைப் பின்னால் பீய்ச்சுகிறது. அதனால்தான் அதன் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. முதல் உலகப் போருக்கு முன்பே அமெரிக்கக் கடற்படை அதிகாரி கிளீலண்ட் டேவிஸ் இன்னொரு வழி கண்டார்: குண்டு முன்னே பாயும்போது, ஈயக் குண்டுகளும் கிரீஸும் சேர்ந்த எதிர்நிறை பின்னே பாயும். பிற்காலத்தில் ஏடி4 என்ற தோள் ஆயுதத்தின் ஒரு வகை இதே வேலைக்கு உப்புநீரை வைத்துக்கொண்டது. அடைபட்ட அறைக்குள்ளிருந்தும் சுட வேண்டுமே!

நிலவில் உப்புநீருக்கு எங்கே போவது? காலடியில் தூசி கொட்டிக் கிடக்கிறது. என் வீரன் ஆறு கிலோ தூசியைப் பையில் அள்ளிக் குழாயின் பின்பக்கம் திணிக்கிறான். அது விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் பின்னே போனால் போதும், 300-க்கு 300 சரியாகிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆற்றல் கணக்கு. உந்தம் இரு பக்கமும் சமம், ஆற்றல் சமமில்லை. டங்ஸ்டனின் இயக்க ஆற்றல் 450 கிலோஜூல், தூசியினுடையது வெறும் 7.5. கனமானதை மெதுவாக எறிந்தால் செலவு மிகக் குறைவு. 450 கிலோஜூல்கூட ஆறேழு கைபேசி பேட்டரிகளில் அடங்கிவிடும். ஆனால் ஒரு மீட்டர் குழாயில் அதை ஒரு மில்லி விநாடிக்குள் கொட்டியாக வேண்டும். அந்தக் கணத்துக்கு மட்டும் ஒரு பெரிய அனல்மின் நிலையத்தின் திறன் தோளில் இருக்கும். அதற்காக மின்னாற்றலைச் சேர்த்து வைத்து ஒரே கணத்தில் கொட்டும் மின்தேக்கிகளைக் கதையின் கற்பனைக் கணக்கில் எழுதிவிட்டேன்.

தூசியை அப்படித் தள்ளிவிட முடியவில்லை. பூமியில் பின்னே பாயும் உப்புநீரைக் காற்று சிறிது தூரத்திலேயே மடக்கிவிடும். நிலவில் காற்றில்லை, ஈர்ப்பும் ஆறில் ஒரு பங்கு. ஒன்றரை மீட்டர் உயரத்தில் கிடைமட்டமாகப் புறப்படும் தூசி, வேகம் குறையாமல் 68 மீட்டர் பறந்துதான் தரையைத் தொடும். அந்தத் துகள்களோ உடைந்த கண்ணாடிபோல் கூரானவை. முதல் வரைவில் வீரனின் தோழியை அவனுக்குப் பின்னால் இருபது மீட்டரில் நிறுத்தியிருந்தேன். இப்போது அவள் பக்கவாட்டில் ஒரு பாறைக்குப் பின்னால் இருக்கிறாள்.