ஏசி அறைக்குள் வரும் செட்டிநாட்டுக் கதவு

காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பிரித்தெடுத்த தேக்குக் கதவுகளும் தூண்களும் சன்னல்களும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பல, பர்மாவிலிருந்து கப்பலில் வந்த மரத்தில் செய்யப்பட்டவை. அடுக்குமாடி வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்வோர் இன்று அக்கதவுகளை வாங்கி, இரும்புக் கால்களும் கண்ணாடியும் பொருத்திச் சாப்பாட்டு மேசையாக்குகிறார்கள். பல தலைமுறைகளின் வெயிலையும் மழையையும் தாங்கிய கதவு, குளிரூட்டிய அறைக்கு வந்த சில மாதங்களில் விரிசல் விடுவதுண்டு. மரம் பழசாகி வலுவிழந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் மரத்தில் இல்லை, அதைப் பொருத்திய முறையில்தான் இருக்கிறது.

மரத்தின் செல்சுவரிலுள்ள செல்லுலோஸ் நுண்ணிழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் கிடக்கின்றன. காற்றின் ஈரம் அவற்றின் இடையே புகும்போது அவை பக்கவாட்டில் விலகுகின்றன, ஈரம் வெளியேறினால் நெருங்குகின்றன. ஆகவே மரம் நீளத்தில் ஏறத்தாழ மாறுவதில்லை. அகலத்திலோ மாறிக்கொண்டே இருக்கிறது. பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 5.8 விழுக்காடும், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 விழுக்காடும் சுருங்கும். பிற மரங்கள் பலவற்றோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். தச்சர்கள் தேக்கை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனாலும், நன்றாக உலர்ந்த பழைய மரம் இனி அசையவே அசையாது என்ற நம்பிக்கை சரியன்று. ஈரத்தை வாங்குவதும் விடுவதும் எந்த வயதிலும் மரத்தின் இயல்பு.

முற்றம் திறந்து காற்று புழங்கும் வீட்டில், கடலோர ஈரக்காற்றில், மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் சுமார் 14 விழுக்காடாக இருக்கலாம். ஏசி தொடர்ந்து ஓடும் அறையில் அது 9 விழுக்காடு அளவுக்கு இறங்கும். அகலம் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் அமையும்படி அறுத்த பலகைகளை ஒட்டி 90 செ.மீ. அகலத்துக்கு ஒரே பரப்பாகச் செய்த மேசை, இந்த மாற்றத்தில் ஏறக்குறைய 9 மி.மீ. சுருங்கிவிடும்.

பழைய கதவைச் செய்த ஆசாரிகள் இந்த அசைவைத் தடுக்க முயலவில்லை, அதற்கு இடம் விட்டார்கள். சுற்றிலும் உள்ள சட்டங்களைக் கழுந்தும் (ஒரு சட்டத்தின் நுனியில் செதுக்கிய நாக்கு) அது நுழையும் துளையுமாக இறுக்கி, நடுப்பலகையைப் பசையோ ஆணியோ இன்றிச் சட்டத்தின் காடிக்குள் (நீண்ட பள்ளத்துக்குள்) செருகினார்கள். பலகை காடிக்குள்ளேயே விரிந்து சுருங்கும். கதவின் மொத்த அகலத்தில் மாறுவதோ இரண்டு பக்கச் சட்டங்களின் அகலம் மட்டுமே. ஒவ்வொன்றும் 12 செ.மீ. என்றால், மேற்சொன்ன அதே மாற்றத்தில் கதவு குறுகுவது 2 மி.மீ.க்குச் சற்றே அதிகம். கண்ணுக்கு அழகான அந்தச் சட்ட அமைப்பு உண்மையில் ஒரு பொறியியல் தீர்வு, அதுவும் மிக நேர்த்தியான தீர்வு.

புதிய கைகளில் முதலில் கெடுவது இதுதான். செதுக்கு வேலையின் பள்ளங்களைச் சமப்படுத்த எப்பாக்சி பிசினை ஊற்றும்போது, அது காடிக்குள் இறங்கிப் பலகையைச் சட்டத்தோடு பூட்டிவிடுகிறது. பிறகு சுருங்க வேண்டிய பலகைக்குத் தன் நார் ஓடும் ரேகையை ஒட்டிப் பிளப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிசினைத் தவிர்த்து, சிறு தாங்கிகளின் மேல் கண்ணாடியை வைத்தால் செதுக்கும் தெரியும், பலகையும் பிழைக்கும்.

இரும்புச் சட்டமும் அதே கவனத்தைக் கேட்கிறது. அறையின் வெப்பம் 10 டிகிரி மாறினாலும் 90 செ.மீ. இரும்பு நீள்வது சுமார் 0.1 மி.மீ.தான், ஈரத்தால் மாறும் மரம் அதைவிடப் பன்மடங்கு நகரும். எனவே இரும்பில் வட்டத் துளைக்குப் பதிலாக, மரம் அசையும் திசையில் நீண்ட துளையிட்டு, வாஷர் வைத்துத் திருகைப் பொருத்தினால் திருகு மரத்தோடு நகர இடம் கிடைக்கும். பாலிஷ் ஈரத்தின் போக்குவரத்தைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. மேற்புறம் மட்டும் பூசி அடிப்புறத்தை விட்டுவிட்டால் இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் உலர்ந்து பலகை வளையும். வேலையைத் தொடங்கும் முன் கதவைச் சில வாரங்கள் அது இருக்கப்போகும் அறையிலேயே சாத்தி வைத்து, ஈரமானி காட்டும் அளவு நிலைத்த பின் அளவெடுப்பது நல்லது.