விண்கலத்தில் அணுசக்தி: எதற்கு அஞ்ச வேண்டும்?

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றுகிறேன். சமூக மன்றங்களில் தமிழில் பேசப் போனால், "அணுசக்தி விண்கலம் ஏவும்போதே வெடித்துவிட்டால் என்ன ஆகும்?" என்று யாராவது தவறாமல் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, விடையோ கலத்தில் இருப்பது எது என்பதைப் பொறுத்தது.

வாயேஜர் விண்கலங்களிலும் செவ்வாயில் ஊரும் கியூரியாசிட்டி ஊர்தியிலும் இருப்பது அணு உலை அன்று. புளூட்டோனியம்-238 தானாகச் சிதையும்போது வெளிப்படும் வெப்பத்தை மின்சாரமாக்கும் கருவி அது. இந்தப் புளூட்டோனியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகச் சிதைய ஆகும் காலம், ஏறக்குறைய 88 ஆண்டுகள். கியூரியாசிட்டியில் 4.8 கிலோ புளூட்டோனியம் டைஆக்சைடு வைத்துத் தொடக்கத்தில் கிடைத்தது 110 வாட் மட்டுமே. இதை அணைத்து வைக்க இயலாது. ஏவுதளத்திலும் அது முழு வீரியத்தோடு இருக்கும். அது உமிழும் ஆல்ஃபா துகளை ஒரு தாளே தடுத்துவிடும் என்றாலும், எரிபொருள் நுண்தூளாகி மூச்சோடு உள்ளே போனால் ஆபத்து. 1964இல் ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டாமல் எரிந்து, அதன் புளூட்டோனியம் வளிமண்டலத்தில் பரவியது. அதன் பிறகுதான் எரியாமல் முழுதாகத் தரைசேரும் உறைகளை வடிவமைத்தார்கள். 1968இல் கடலில் விழுந்த நிம்பஸ் பி-1 கலத்தின் எரிபொருளை மீட்டெடுத்து மீண்டும் பயன்படுத்தவும் முடிந்தது.

அணு உலையின் கதை இதற்கு நேர்மாறு. இன்னும் இயக்கப்படாத யுரேனியத்தின் கதிரியக்கம் மிகக் குறைவு. உலையை இயக்கி அணுப்பிளவு தொடங்கிய பின்னரே கடுமையான கதிர் உமிழும் பொருள்கள் சேர்கின்றன. 1978 ஜனவரியில் கனடாவின் வடமேற்கில் சிதறிய சோவியத்தின் காஸ்மாஸ் 954, தாழ்ந்த சுற்றுப்பாதையிலேயே உலையை ஓட்டிய கலம். உரிய பாதையை அடையும்முன் உலையை இயக்கக் கூடாது என்று 1992இல் ஐநா கொள்கை வகுத்தது. ஆகவே 'அணு' என்ற சொல்லைக் கேட்டதும் பதறாமல், உலை எங்கே, எப்போது இயக்கப்படும் என்று கேட்பதே பயன் தரும்.

உலையின் வெப்பத்தால் ஹைட்ரஜனைச் சூடாக்கிப் பீய்ச்சும் உந்துமுறையை 1960களில் நெவாடாவில் தரையில் சோதித்தார்கள். எரிபொருளைப் பயன்படுத்துவதில் அது வேதியியல் ராக்கெட்டைவிட ஏறக்குறைய இருமடங்கு சிக்கனமானது. ஆனாலும் இதுவரை விண்ணில் பறந்ததில்லை.

என் தொழிலுக்கு நெருக்கமான செய்தி வேறு. செவ்வாய்க்குப் போகும் வழியில் கியூரியாசிட்டி அளந்த விண்வெளிக் கதிர்வீச்சு நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லிசீவெர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). நாங்கள் மேலங்கியில் குத்திக்கொள்ளும் கதிர்வீச்சு அளவி பேட்ஜில் ஆண்டுச் சராசரி 20 மில்லிசீவெர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசப் பரிந்துரை. அந்தப் பயணத்தில் அது பன்னிரண்டு நாளுக்குள் நிரம்பிவிடும். பயணக் காலத்தைக் குறைக்க முடிந்தால், உலை விண்வெளி வீரர் பெறும் மொத்த அளவைக் குறைக்கவும் கூடும். எடையை மிச்சப்படுத்த வீரர்கள் இருக்கும் பக்கத்தில் மட்டுமே கவசம் வைப்பார்கள் என்பதால், இயங்கும் உலையைப் பக்கவாட்டில் நெருங்கும் இன்னொரு கலத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இத்தகைய திட்டம் எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது அந்தக் கவசத்தின் நிழல் எதுவரை விழுகிறது என்பதைத்தான்.