கோராமைக் கழிவு

வெள்ளவத்தையில் எங்கள் கீழ்மாடி மாமா, கார் காப்புறுதி புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதத்தோடு படியேறி வந்தார்.

"தம்பி, இதில 40 வீதம் உரிமை கோரப்படாத போனஸ் எண்டு கிடக்கு. ஒருத்தரும் கேக்காத காசோ? நான் போய்க் கேட்டால் தருவாங்களோ?"

மாமாவில் பிழையில்லை. உரிமை கோரப்படாத சடலம் என்று பத்திரிகையில் வாசிக்கிறோம். தேடி யாரும் வராத பிணம். அந்தக் கணக்கில் இது தேடி யாரும் வராத போனஸ்தானே? கோரப்படாதது போனஸ் அல்ல ஐயா, இழப்பீடு! நோ க்ளெய்ம் போனஸ் என்ற மூன்று சொல்லையும் வரிசையாக அடுக்கிவிட்டு மொழிபெயர்ப்பாளர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

க்ளெய்ம் என்பதன் லத்தீன் வேருக்குக் கூவுதல் என்று பொருள். போனஸ் என்றால் நல்லது. அவ்வளவுதான். விஷயம் என்னவென்றால், இழப்பீடு கேட்காமல் ஆண்டைக் கழித்தவருக்கு அடுத்த கட்டுப்பணத்தில் குறைக்கிறார்கள். 80,000 ரூபாய் கட்ட வேண்டியவர், 40 வீதம் இருந்தால் 48,000 கட்டுவார். கையில் காசு வராது. ஆகவே போனஸை 'மிகையூதியம்' என்கிற தூயதமிழ்க்காரரோடும் எனக்கு ஒத்துவராது. பழைய தமிழில் ஊதியம் இலாபம், சரி. இன்றைக்கு அது சம்பளம்.

நண்பர் ஒருவர் 'நற்சாரதிக் கழிவு' என்கிறார். கேட்க அழகு, ஆனால் பொய். நிறுத்தி வைத்த காரை ஓட்டோ உரசிவிட்டுப் போய், பம்பருக்கு நீங்கள் க்ளெய்ம் எடுத்தாலும் இது குறையலாம். காரே ஓடவில்லை, சாரதி எங்கே வந்தார்? காலி வீதியில் சிவப்பு விளக்கைத் தாண்டித் தண்டம் கட்டியவரோ, க்ளெய்ம் எடுக்காதவரை இதை இழப்பதில்லை. சாரதியின் குற்றப் பதிவைப் புரட்டிக் கட்டணத்தைக் கூட்டுவது அமெரிக்க வழக்கம். அதற்கு வேறு சொல் தேடுங்கள்.

நான் சொல்வது கோராமைக் கழிவு. கொல்லாமை, கல்லாமை மாதிரி கோராமை. கழிவு என்றால் சாக்கடை மணக்கிறதாம் சென்னை நண்பருக்கு. நம் கடைகளில் விலைக்கழிவு என்று எழுதி வைத்தால் யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. அவர்கள் காப்பீடு, தள்ளுபடி என்று எழுதட்டும். நமக்குக் காப்புறுதியும் கழிவும் இருக்கின்றன.

இவ்வளவையும் மாமாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் கடிதத்தையே பார்த்தார்.

"அப்ப பம்பர் கீறலுக்குக் கேக்காமல், கராஜுக்கு என்ர காசைக் குடுக்கிறது லாபமோ?"