இறுதிப்போட்டியில் கை ஏன் இறுகுகிறது?

1993 விம்பிள்டன் டென்னிஸ், மகளிர் இறுதிப்போட்டி. மூன்றாவது செட்டில் யானா நோவோட்னா 4-1 என முன்னிலை. செர்வ் (பந்தை முதலில் அடித்து ஆட்டத்தைத் தொடங்குவது) அவருடையது, 40-30. இந்த ஒரு பாயிண்ட் கிடைத்தால் 5-1. ஆனால் டபுள் ஃபால்ட்: செர்வுக்குக் கிடைக்கும் இரண்டு வாய்ப்பும் தவறி, பாயிண்ட் எதிராளிக்குப் போனது. அங்கிருந்து ஐந்து கேம்கள் வரிசையாகக் கைநழுவ, பட்டம் ஸ்டெஃபி கிராஃபுக்குப் போனது.

விளையாட்டு உளவியல் ஆலோசகரான என்னிடம் பெற்றோர் அடிக்கடி சொல்வது இது: "பிராக்டிஸ்ல புலி மாதிரி ஆடுறான் சார், ஃபைனல்னா மட்டும் மனசு விட்டுடறான்." மனவலிமை போதாது என்ற இந்தத் தீர்ப்பை நான் ஏற்பதில்லை. விம்பிள்டன் போன்ற நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாமில் ஆறு ஆட்டங்களை வென்றால்தான் ஏழாவதான இறுதிப்போட்டிக்கே வர முடியும். மனவலிமை இல்லாதவர் அவ்வளவு தூரம் வந்திருப்பாரா? பின்னாளில் கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்ற இவான் லென்டில், ஆண்டி மர்ரே இருவருமே முதல் நான்கு இறுதிப்போட்டிகளில் தோற்றவர்கள்தான்.

பதற்றம் முதலில் கை வைப்பது பெரும்பாலும் செர்வில். காரணம் எளிது. மற்ற அடிகளில் பந்து வந்துகொண்டே இருப்பதால் யோசிக்க நேரமில்லை. செர்வில் மட்டும் நேரம் இருக்கிறது. வங்கியில் "பழைய கையெழுத்து மாதிரியே போடுங்க" என்று சொன்னதும், ஆயிரம் முறை போட்ட கையெழுத்து கோணலாக வருமே, அதே கதைதான். தானாக நடந்த வேலையை இப்போது மேற்பார்வை பார்க்கத் தொடங்குகிறோம்.

உடம்பில் நடப்பதையும் பார்ப்போம். அட்ரினலின் ஏறும், மூச்சு மேலோட்டமாகும், ராக்கெட்டைப் பிடித்த கை இறுகும், அந்த இறுக்கம் முன்கை வழியாகத் தோள்வரை போகும். பந்தைத் தூக்கிப் போடும் கையும் தடுமாறும். 'ஜாக்கிரதையாக உள்ளே போட்டுவிடலாம்' என்று ஆட்டக்காரர் கையின் வேகத்தைக் குறைப்பார். கெடுவது அங்கேதான். வலைக்கு மேலே உயரமாகப் போகும் இரண்டாவது செர்வைக் கோட்டுக்குள் இறக்குவது பந்தின் சுழற்சி. சுழற்சி வேண்டுமென்றால் கை வேகமாக வீச வேண்டும். கை மெதுவானால் பந்து வலையில் விழும், இல்லையென்றால் இறங்காமல் நீளமாகப் போகும். தப்பித்தவறி உள்ளே விழுந்தாலும் எதிராளிக்கு அது விருந்து. பத்திரமாக ஆடுவது போலத் தோன்றுவதுதான் இங்கே பெரிய ஆபத்து.

கூட்டத்தைப் பார்த்துப் பயம் என்பதும் முழு உண்மையல்ல. 2020 அமெரிக்க ஓபன் பெருந்தொற்றால் ரசிகர்கள் இல்லாமல் நடந்தது. இறுதிப்போட்டியில் முதல் இரண்டு செட்டையும் வென்ற அலெக்சாண்டர் ஸ்வெரெவ், ஐந்தாவது செட்டில் 5-3 என்ற நிலையில் பட்டத்துக்காக செர்வ் செய்தார், முடியவில்லை. பிறகு 6-5-இல் டொமினிக் தீம் செர்வ் செய்தார், அவராலும் முடியவில்லை. 6-6 ஆனதும் முடிவு காண ஆடும் டை-பிரேக்கில் தீம் தட்டுத்தடுமாறி வென்றார். அன்று ஸ்வெரெவ் செய்த டபுள் ஃபால்ட் 15. காலி நாற்காலிகளுக்கு முன்னாலேயே இந்தக் கதி.

அதனால் நான் அறிவுரைக்கு முன் நுட்பத்தைப் பார்ப்பேன். (பயிற்சியாளர்கள் சிலருக்கு இது பிடிப்பதில்லை. மனசை மட்டும் சரிசெய்து கொடுங்கள் என்பார்கள்.) 2022-இல் அரினா சபலென்காவின் டபுள் ஃபால்ட்டுகள் 400-ஐத் தாண்டின. அவர் உடலியக்க நிபுணர் ஒருவரின் உதவியோடு செர்வைத் திருத்தினார். 2023 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியின் கடைசி கேமைக்கூட டபுள் ஃபால்ட்டில்தான் தொடங்கினார். பதற்றம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் திருத்திய செர்வ் அதைத் தாங்கியது. நான்காவது மேட்ச் பாயிண்டில் பட்டம் கிடைத்தது.

ஆட்டம் பார்க்கும்போது நான் பந்தைவிடப் பாயிண்டுகளுக்கு இடையிலான நேரத்தைத்தான் கவனிப்பேன். விதிப்படி 25 விநாடி உண்டு. பதறியவர் தவறு செய்த கையோடு நேராகக் கோட்டுக்கு வந்து நிற்பார், வழக்கமாகப் பந்தைத் தட்டும் எண்ணிக்கை குறையும், துண்டை எடுக்கவே மாட்டார். எங்கள் பயிற்சியும் அங்கேதான் தொடங்குகிறது. நடக்கும்போது ராக்கெட்டை மறுகைக்கு மாற்றி, அடிக்கும் கையை உதறித் தளர்த்த வேண்டும். மூச்சை நீளமாக வெளியே விட வேண்டும். செர்வை எங்கே போடுவது என்று கோட்டுக்கு வருமுன்பே முடிவு செய்ய வேண்டும். அப்புறம், ஓடிக் களைத்து நெஞ்சு படபடக்கும்போது இரண்டாவது செர்வ் பழக வேண்டும், கை வேகத்தைக் குறைக்காமல். வெளியிலிருந்து "டென்ஷன் ஆகாதே" என்று கத்துவதால் ஒரு பயனும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. போட்டி முடிந்த பிறகும் தூக்கம் வராமை, திடீர் மூச்சுத்திணறல், மைதானம் என்றாலே ஒதுங்குவது இவையெல்லாம் தொடர்ந்தால் அது வெறும் இறுதிப்போட்டிப் பதற்றமல்ல. 2012 அமெரிக்க ஓபனில் ஃபெடரருடன் ஆட இருந்த மார்டி ஃபிஷ், பதற்றக் கோளாறால் ஆடாமலேயே விலகினார். பின்னர் அதை வெளிப்படையாகவும் பேசினார். இதற்கு மனநல மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். பயிற்சியாளரோ பெற்றோரோ கையாளும் விஷயமல்ல.

2025 விம்பிள்டன் இறுதியில் அமண்டா அனிசிமோவா 0-6, 0-6 என்று 57 நிமிடத்தில் இகா ஸ்வியாடெக்கிடம் தோற்றார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அமெரிக்க ஓபன் காலிறுதியில் அதே ஸ்வியாடெக்கை நேர் செட்களில் வென்றார். அந்த ஆட்டத்துக்கு முன் விம்பிள்டன் பதிவைப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னார். என்னிடம் வருபவர்களையும் தோற்ற ஆட்டத்தைப் பார்க்கச் சொல்வேன், உடனே அல்ல, சில நாள் கழித்து. ஸ்கோரை விட்டுவிட்டு, ஒவ்வொரு பாயிண்டுக்குப் பிறகும் கோட்டுக்குத் திரும்ப எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வரச் சொல்வேன்.